றொபின்சனின் ரெகுலேட்டர்

நஜாத் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். சோற்றுப் பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவார். கட்டாரில் பதினொரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுக் கற்பிட்டிக்குத் திரும்பியவர், வந்த மூன்றாம் மாதமே அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அவருடைய மனைவி அகீலா கணிதம் படிப்பிக்கிற டீச்சர். "எங்க வேணுமெண்டாலும் போங்க. பின்னேரம் வீட்டுக்கு வந்தாச் சரி" என்றார்.

அப்படிப் போன இடம்தான் கடல். ஆலங்குடாவில் ஹோட்டல்களுக்கு ஏசி திருத்தப் போகையில், ஒரு ஹோட்டலின் சுழியோடும் நிலையத்தில் காற்றடிக்கிற கொம்பிரசர் ஒழுகிக்கொண்டிருந்தது. நஜாத் அதையும் திருத்திக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாக, சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் பழக்கிவிடும்படி கேட்டார்.

அடுத்த வருடம் சிலாபத்தில் பழைய இரும்புக் கடையொன்றில் ஒரு விசித்திரமான சாமானைக் கண்டார். தட்டுப் போன்ற பித்தளைப் பெட்டி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி இரண்டு ரப்பர் குழாய்கள். கடைக்காரர், "ஆஸ்பத்திரிச் சாமான். மூச்சு முட்டுற ஆக்களுக்கு" என்றார். நஜாத் வீட்டுக்குக் கொண்டுவந்து இணையத்தில் தேடினார். அறுபது வருடத்துக்கு முந்திய சுழியோடிகளின் ரெகுலேட்டர் அது. சிலிண்டருக்குள் அடைத்த காற்று நேரே வாய்க்கு வந்தால் நெஞ்சு வெடித்துவிடும். மூச்சுக்கு மூச்சு, கேட்கிற அளவுக்கு மட்டும் அதைத் திறந்துவிடுகிற சாமான்தான் ரெகுலேட்டர். இப்போது வருகிறவை உள்ளங்கையளவு பிளாஸ்டிக். இதுவோ பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இரண்டு காதோரமாகவும் குழாயை வாய்க்கு அனுப்புகிறது.

அதைத் திருத்தி எடுக்க எட்டு மாதம் சென்றது. வினாகிரியில் ஊறவைத்தார். பல்துலக்கும் பிரஷ்ஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்து எடுத்தார். உள்ளே மூச்சோடு ஏறி இறங்குகிற ரப்பர் தகட்டை, ஒல்லாந்தில் இருந்த ஒரு சேகரிப்பாளர் தபாலில் அனுப்பினார். ஆறு வருடத்தில் அந்த ஒன்று ஒன்பது ஆனது. அகீலாவின் சாரிகள் அலுமாரியிலிருந்து சூட்கேசுக்கு மாறின. பார்வைக்கு மட்டும் வைப்பதற்காக நஜாத் எதையும் வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். "இண்டைக்கு என்ன மீன் கண்டீங்க?" என்று ஹோட்டல்காரர்கள் கேட்டால் வால்வு இரைந்த கதையைச் சொல்வார். பவளப் பாரின் மேலே மீன் கூட்டம் கூட்டமாகப் போகும். நஜாத்தின் காது முழுவதும் வால்வில் இருக்கும். உள்ளே ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் மேலே வந்து கழற்றாமல் இருக்க அவரால் முடியாது.

ஏழாவது ரெகுலேட்டர் ஸப்ராஸிடமிருந்து வந்தது. ஸப்ராஸ் அகீலாவின் மாமி மகன். கடலட்டை எடுக்கிற படகுகள் மூன்று வைத்திருந்தார். கரையில் படகுச் சாமான்கள் வைக்கிற அவருடைய வாடியில் பிரீசர் பழுதாகி, நஜாத் திருத்தப் போனார். சுவரில் ஓர் ஆணியில், உப்புப் படிந்து, வட்டமான பித்தளை ரெகுலேட்டர் ஒன்று தொங்கியது. எழுபதுகளில் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"கூலி வேணாம் மச்சான். இதத் தாங்க."

"அது ஒண்டுக்கும் ஆகாது. கொண்டு போங்க" என்றார் ஸப்ராஸ். அது யாருடையது என்று நஜாத் கேட்கவில்லை.

வீட்டில் கழற்றினார். சிலிண்டரிலிருந்து காற்று நுழைகிற வாசலில், சட்டைப் பொத்தானளவில் ஒரு வடிகட்டி இருக்கும். அது செங்கல் தூளை அப்பிய மாதிரி சிவந்து அடைத்திருந்தது. எதையும் தொடுமுன் படமெடுப்பது அவருடைய வழக்கம். இதையும் படமெடுத்து, இணையத்திலிருந்த சேகரிப்பாளர் குழுவுக்கு அனுப்பினார். 'சிலிண்டர் நாசம்' என்று கீழே எழுதினார். யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பிறகு அந்த வடிகட்டியை எறிந்துவிட்டுப் புதியது பூட்டினார். முகப்புத் தட்டில் ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தன. அராவி எடுக்க நினைத்து, எப்படியோ விட்டுவிட்டார்.

இந்த வருடம் பெப்ரவரியில், அந்த ரெகுலேட்டரோடு ஆலங்குடாக் கரையேறினார். ஹோட்டலுக்குப் பின்னால் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, கையில் ஈரத்துணியோடு நேரே அவரிடம் வந்தாள். ஹோட்டலில் துணி துவைக்கிற சுஜி. கண்டால் சிரிப்பாள், அதற்கு மேல் பழக்கமில்லை.

"நானா, இது எங்கால உங்களுக்கு?"

"பழசு தங்கச்சி. வாங்கித் திருத்தினது."

"இது என்ர மனுசன்ர." மூன்று புள்ளிகளையும் விரலால் தடவினாள். "மூண்டு பிள்ளையளுக்கு மூண்டு புள்ளி. அவர்தான் குத்தினவர்."

அவளுடைய கணவன் றொபின்சன். மன்னார்ப் பக்கம் சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, இங்கேயே தங்கி, சங்குக்கும் அட்டைக்கும் சுழியோடியவன். நான்கு வருடத்துக்கு முன் ஸப்ராஸின் படகில் போய் இறங்கினான். திடீரென்று மேலே பாய்ந்து வந்தான். வாயில் இரத்த நுரை. படகு கரைக்கு வரமுன் உயிர் போய்விட்டது. குடித்துவிட்டு இறங்கினான் என்று ஸப்ராஸ் பொலிசில் சொன்னார். அந்தக் கதை ஊரெல்லாம் போனது. கோயிலுக்கும் போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போனது.

"குடிக்கிறவர்தான். இல்லையெண்டு சொல்லேல்ல" என்றாள் சுஜி. "ஆனா கடலுக்குப் போற நாளில தொடமாட்டார். என்ர நடுவில் பெடியன் வந்து கேட்கிறான், அப்பா வெறியிலயா செத்தவரெண்டு." ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. "நீங்கள் இதைக் கழட்டிப் பாத்தனீங்கள்தானே? உள்ளுக்க என்ன இருந்தது?"

நஜாத்துக்கு அந்தச் சிவப்பு கண்ணில் வந்தது. "ஒண்டுமில்ல தங்கச்சி. பழசுதானே, உப்புப் புடிச்சிருந்திச்சி."

அவள் அவருடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடிக்குத் திரும்பிப் போனாள்.

அதன்பிறகு நஜாத் பட்ட பாடு. ஒரு ஹோட்டலில் ஏசியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து வந்தார். தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று மறந்தது. ஃபோனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்ப்பார், மூடுவார், திரும்பத் திறப்பார். வடிகட்டி பச்சையாக இருந்தால் ரெகுலேட்டருக்குள் கடல்தண்ணீர் போயிருக்கிறது. சிவப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்து உதிர்கிறது. இது அவருக்கு அன்றைக்கே தெரியும். தன் கையாலேயே எழுதியும் இருந்தார். குழாயின் மறுமுனையில் ஒரு மனிதனின் வாய் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

நான்காம் நாள் அகீலா மறித்துக்கொண்டார். "வாசல் கேற்ற எத்தின தரம் பூட்டுவீங்க? என்ன நடந்த?"

நஜாத் எல்லாவற்றையும் சொன்னார். ஸப்ராஸின் பெயர் வந்ததும் அகீலாவின் முகம் சுருங்கியது. சரிபார்த்துக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார்.

"இத வெளியில செல்லிட்டீங்கெண்டா மாமி இந்த வாசலுக்கு வரமாட்டா. அத முதல்ல விளங்கிக்கங்க" என்றார். பிறகு, "அந்தப் பொம்பிளக்கிட்ட பொய்யச் செல்லிட்டு வந்து எண்ட முற்றத்துல நடக்காதீங்க. போங்க" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே நஜாத் ஹோட்டலுக்குப் போய்ச் சுஜியிடம் படத்தைக் காட்டினார். "ஆழம் போகப் போக நெஞ்சுக்குக் காத்துக் கூட வேணும். படகுல வெச்சி இழுத்துப் பாத்தா ஒண்டும் விளங்காது. பத்துப் பாகம், அறுவது அடி கீழ போனா, இந்த அடைப்பால காத்து வராது. இழுக்க இழுக்க வராது. வராட்டி மனிசன் மேல பாய்வான். அப்பிடிப் பாய்ஞ்சா நெஞ்சு தாங்காது."

"இதை அண்டைக்கே கண்டனீங்களோ?"

"கண்டன். யார்ட சாமானெண்டு கேக்கல்ல. உங்களுக்கும் பொய் சென்னன்."

சுஜி கைகளைச் சட்டையில் துடைத்தாள். "வாங்கோ, அவரிட்டப் போவம்."

வாடியில் படகுகள் புறப்பட ஆயத்தமாக நின்றன. ஸப்ராஸுக்குச் சொந்தமான பதினொரு சிலிண்டர்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன. நஜாத் ஸ்பானரோடு வந்து நின்றதையும் பக்கத்தில் சுஜி நின்றதையும் பார்த்த சுழியோடிகள் எழுந்து வந்தார்கள். சிலிண்டர் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நஜாத் கேட்டபோது, டிலக்‌ஷன் என்ற சுழியோடி தனக்குத் தந்திருந்ததைக் காலால் உருட்டிவிட்டான்.

"இண்டைக்கு நான் இறங்கப் போறது இதோட. இதைக் கழட்டுங்கோ நானா."

காற்றை முழுதும் வெளியே விட்டால்தான் வால்வைக் கழற்றலாம். நஜாத் திறந்தார். அது சீறிய சீறலில் பக்கத்து வாடிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஸப்ராஸும் உள்ளேயிருந்து வந்தார்.

"மச்சான், தொழில் நேரத்தில என்ன விளையாட்டு?"

சீறல் அடங்கியதும் நஜாத் வால்வைக் கழற்றி, சிலிண்டரை மீன் பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் மூடியொன்றின் மேல் கவிழ்த்தார். முதலில் பால் விடாத பிளேன்டி நிறத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் வந்தது. பிறகு சிவந்த தூள் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையாலும் அள்ளலாம் போல இருந்தது. டிலக்‌ஷன் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தான். தோளில் தொங்கிய துடுப்புக் காலணிகளை எடுத்துக் கீழே வைத்தான்.

"எல்லார்ட சிலிண்டரும் இப்பிடித்தான் ஈக்கிது" என்றார் ஸப்ராஸ். குரல் ஏறவில்லை.

சுஜி ஓரடி முன்னால் வந்தாள். "அவர் அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ?"

"அல்லாட நாட்டம் தங்கச்சி, நடந்தது நடந்து..."

"அவர் அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ?"

ஸப்ராஸ் கடலைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இல்ல."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"பொலிசில கேட்டாங்க. ஏதாவது செல்லத்தானே வேணும்."

யாரோ பின்னால் கெட்ட வார்த்தையால் திட்டினார்கள். சுஜி அழவில்லை. "இவையளுக்கு முன்னால சொல்லிட்டீங்கள். என்ர பிள்ளையளுக்கும் வந்து சொல்லுங்கோ" என்றுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்குப் படகு ஒன்றும் போகவில்லை. சுழியோடிகள் நஜாத்தைப் போகவிடாமல் பதினொரு சிலிண்டரையும் கழற்ற வைத்தார்கள். ஏழு, வெட்டி எறியவேண்டிய நிலையில் இருந்தன.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், ஸப்ராஸ் ஒரு பை திராட்சையோடு சுஜியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நடுவில் பிறந்த பையனைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு நிமிடம் பேசினார். திராட்சையைப் பையன் வாங்கிக்கொண்டான். சுஜி அதைத் தடுக்கவும் இல்லை, தான் ஒன்று எடுத்துத் தின்னவும் இல்லை.

மாமி, அகீலா சொன்ன மாதிரியே, வருவதை நிறுத்திவிட்டார். நோன்புப் பெருநாளுக்கு அகீலா அனுப்பிய சாப்பாட்டுச் சகன் தட்டு மூடியபடியே திரும்பி வந்தது. ஸப்ராஸ் இப்போதும் நஜாத்தைக் கண்டால் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் கூட்டுவார். மற்ற வாடிக்காரர்கள் சிலர் தங்களுடைய சிலிண்டர்களைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். சிலர் நஜாத் வருகிறார் என்றால் சாக்கைப் போட்டு மூடுகிறார்கள்.

அந்த ரெகுலேட்டரோடு நஜாத் பிறகு கடலில் இறங்கவில்லை. அலுமாரியில் வைத்தார், அங்கே சரிவரவில்லை. கட்டிலுக்குக் கீழே, மேசை இலாச்சியில், கடைசியில் சைக்கிள் கொட்டிலில். சுஜியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "வீட்டில வேண்டாம் நானா" என்றாள்.

ஏப்ரல் கடைசியில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பத் தொடங்கிய ஒரு மத்தியானம், அவளாகவே கேட்டாள். "இப்ப அதால மூச்சு எப்பிடி வரும்?"

நஜாத் சுழியோடும் நிலையத்திலிருந்து ஒரு நல்ல சிலிண்டரை எடுத்து, ரெகுலேட்டரைப் பூட்டி, தான் முதலில் நாலு தரம் இழுத்துப் பார்த்து, வாய்ப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். சுஜி கொடிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அதை வாயில் வைத்தாள். முதல் மூச்சுக்குத் திடுக்கிட்டாள். பிறகு இழுத்தாள், விட்டாள். காற்றில் விரிப்புகள் படபடத்தன. நஜாத் நிற்க முடியாமல் இரண்டு அடி போவதும் வருவதுமாக இருந்தார். வால்வின் சத்தம் சுத்தமாக இருந்தது.

பதினைந்து மூச்சுக்குப் பிறகு எடுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"லேசா வருது" என்றாள். "வேற ஆருக்கும் குடுக்கிறதெண்டால் குடுங்கோ நானா. சும்மா வைச்சிருக்காதையுங்கோ."

"யாருக்குக் குடுக்கிற?"

"டிலக்‌ஷனிட்டக் கேளுங்கோ. அவன் போற படகில நல்ல சிலிண்டரா எண்டும் பாருங்கோ."

ஹோட்டல் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போனாள். நஜாத் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கும் நிற்காமல், ரெகுலேட்டரை ஸ்பானர் பையில் போட்டுக்கொண்டு கந்தகுழிப் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டார். டிலக்‌ஷன் இப்போது அங்கே ஒரு வாடியில் வேலை செய்கிறான். அந்த வாடிக்காரர் இன்னும் ஒரு சிலிண்டரையாவது திறக்கவிடவில்லை.