பவுண்டில் அடைத்த பந்துகள்

அம்சத்தின் வீட்டில் முதல் பந்து விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். இற்றுப்போன கீற்றைப் பொத்துக்கொண்டு நேரே அடுப்பில் இறங்கியது. சோற்றுப் பானை உடைந்து அரிசியெல்லாம் சாம்பலில் கிடந்தது. அவள் அந்த வெள்ளை உருண்டையை எடுத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேலெல்லாம் அம்மைத் தழும்பு, கல் மாதிரி கனம். இன்னதென்று அவளுக்கு விளங்கவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெரிய பண்ணையின் முப்பது ஏக்கர். அம்சம் தாவணி போட்ட நாளிலிருந்து நாற்று நட்ட நிலம் அது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று சர்க்கார் சட்டம் போட்டதும் மிராசுதார்கள் எல்லாரும் நிலத்தை ஒளித்துவைக்க இடம் தேடினார்கள். நாய் பேரிலும் பூனை பேரிலும் எழுதிவைத்தார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பெரிய பண்ணைக்கு வேறு யோசனை சொல்லிக்கொடுத்தான் ஒரு வக்கீல். மாடு மேய்க்கிற நிலத்துக்கு விலக்கு உண்டாம். நெல்லை நிறுத்திவிட்டு முப்பது ஏக்கரிலும் புல்லை வளர்த்து, மேய்ச்சல் நிலம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

புல் வந்தது, மாடு வரவில்லை. கொழும்பில் தேயிலைக் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பிய மகன் சின்னப் பண்ணை அந்தப் புல்லில் குழி தோண்டினார், கொடி நட்டார், வெள்ளைக்காரன் ஆட்டமான கோல்ஃபை ஆட ஆரம்பித்தார். கூட ஆடுவதற்கு மாயூரத்திலிருந்து கார் கட்டிக்கொண்டு டாக்டரும் ஆலை அதிகாரிகளும் வந்தார்கள். குறுவையும் தாளடியும் விளைந்த மண்ணில் தொப்பி போட்ட நாலு பேர் ஒரு பந்தைத் தேடிக்கொண்டு திரிவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அம்சத்துக்கும் எரிந்தது. ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

அவள் புருஷன் பஞ்சநதம் படுத்த படுக்கை. கூலித் தகராறு நடந்த வருஷம் பண்ணை ஆட்கள் இடுப்பில் போட்ட அடியில் கால் இரண்டும் விழுந்துவிட்டன. குடிசைக்குள் வெக்கை தாங்காது என்று இரவும் பகலும் வாசல் பூவரசு அடியில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பான். அவர்களுக்கு என்று உலகத்தில் இருந்தது அந்த ஐந்து சென்ட் மனைதான். ஒரு காலத்தில் பண்ணை கண்ணைக் காட்டினால் ஒரே நாளில் காலி பண்ணவேண்டிய இடம். எழுபத்திரண்டில் குடியிருப்புப் பட்டா வந்தபோது, பஞ்சநதம் அந்தக் காகிதத்தை நாள் முழுக்க நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான். உசிரே போனாலும் இந்த மண்ணை விடமாட்டேன் என்று அம்சம் அன்றைக்குச் சொன்னாள்.

ஞாயிறு தவறாமல் பந்து வந்தது. கோழி ஒன்று செத்தது, தண்ணீர்க் குடம் போயிற்று. பண்ணை ஏஜெண்டு நடராசனிடம் போய் நின்றாள்.

"வேணும்னேவா அடிக்கிறாங்க? காத்துல வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர். "பேசாம சுடுகாட்டுப் பக்கம் ஒரு மனை தர்றேன், பட்டாவக் குடுத்துட்டுப் போயிடு அம்சம்."

"சுடுகாட்டுக்கு இப்பவே என்னங்கையா அவசரம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

வாய்த்துடுக்கு வாசல் வரைக்கும்தான். வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த ஞாயிறு அலுமினியக் குண்டானை எடுத்துப் புருஷன் தலையில் கவிழ்த்தாள். கட்டிலை நாலு பேர் தூக்கினால்தான் குறுகிய வாசற்படிக்குள் நுழைக்க முடியும். தூக்குவதற்கு நாலு பேரை எங்கே தேடுவாள்? பஞ்சநதம் குண்டானுக்குள்ளிருந்து, "கிரீடம் வச்ச ராசா மாதிரி இருக்கேனா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து டங்கென்று ஒரு பந்து குண்டானில் விழுந்து தெறித்தது. அடி ஒன்றும் படவில்லை, ஆனால் அவன் சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் அதுவரை பொறுக்கி வைத்திருந்த பந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போலீசுக்கா, தாசில்தாருக்கா? அங்கெல்லாம் அவளை யார் உள்ளே விடுவார்கள்? அவளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். அடுத்தவன் மாடு நம் நிலத்தில் இறங்கினால் அதை அடிக்கவும் கூடாது, வீட்டில் கட்டிவைத்துக்கொள்ளவும் கூடாது. சர்க்கார் மாட்டுப் பட்டியான பவுண்டில் கொண்டுபோய் அடைத்து ரசீது வாங்க வேண்டும். உடையவன் வந்து தண்டம் கட்டி மீட்டுக்கொண்டு போவான். அவள் பவுண்டுக்குப் போனாள்.

பவுண்டுக் காவலர் ஜெக்கரியா கூடையை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மாடு, ஆடு, கழுதை, மூணு கட்டம்தான் இருக்கு நோட்டுல. இதை எதுல எழுதறது?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட என்ன நிலம்னு சர்க்கார் கணக்குல இருக்கு பாய்?"

"மேய்ச்சல் நிலம்."

"மேய்ச்சல் நிலத்துலேருந்து வந்துதான் எங்க கூரையப் பிரிச்சுது, கோழியக் கொன்னுது. இதை நான் வேற எங்க கொண்டுபோயி அடைக்கிறது?"

ஜெக்கரியா சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பஞ்சநதத்தை அடித்துப் போட்ட அன்றைக்கு மாட்டு வண்டி கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர் அவர். பேனாவை உதறி எழுதினார், முத்திரை குத்திக் கொடுத்தார். பந்துகளை மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியில் கொட்டினார்.

வியாழக்கிழமை ஏஜெண்டு நடராசன் ஏட்டையாவோடு வந்து இறங்கினார். சீமைப் பந்து நாற்பதுக்கு மேல் திருட்டுப் போய்விட்டதாகப் புகார். ஏட்டு அடுக்குப்பானை வரைக்கும் உருட்டிப் பார்த்தார். அம்சம் ரசீதை நீட்டினாள்.

ஏட்டு சத்தமாகப் படித்தார். "மேய்ச்சல் நிலத்திலிருந்து அத்துமீறி வந்த பந்து, உருப்படி நாற்பத்தொன்று." படித்துவிட்டு ஏஜெண்டைப் பார்த்தார். "மேய்ச்சல் நிலத்துல பந்துக்கு என்னங்க வேலை?"

ஏஜெண்டின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. ரசீதை ஒரு முறை வாங்கிப் பார்த்தார். பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விட்டார். அந்தக் காகிதம் தாசில்தார் கண்ணில் பட்டால் முப்பது ஏக்கருக்கும் ஆபத்து என்பது அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அதையெல்லாம் நினைத்து எழுதி வாங்கவில்லை, பந்து வராமல் இருந்தால் போதும் என்றுதான் போனாள்.

அந்த ஞாயிறு கார் வரவில்லை. கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். பஞ்சநதம் தலையில் குண்டான் இல்லாமல் மத்தியானம் முழுக்கத் தூங்கினான். ஜெயித்துவிட்டோம் என்று அம்சத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மாவிலை பறித்துவந்து வாசலில் கட்டினாள், பாவம்.

பத்து நாள் கழித்து லாரி லாரியாக மாடுகள் வந்து இறங்கின. மொத்தம் முப்பது, எல்லாம் கொம்பு சீவிய வடக்கத்தி மாடுகள். ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்தார், மேய்ச்சல் நிலம்தான் என்று எழுதிக்கொண்டு போனார். அதோடு பண்ணையின் பயம் தீர்ந்தது. வேலி போடவில்லை, மேய்ப்பவனையும் வைக்கவில்லை. சித்திரை வெயிலில் வாய்க்கால் வறண்டு கிடந்தது. மாடுகள் அதில் இறங்கி ஏறி அம்சத்தின் மனைக்கு வந்தன. கூரைக் கீற்றை இழுத்துத் தின்றன, அடுப்பை மிதித்தன. ஒரு காளை கட்டில் காலில் கொம்பை உரசியது. "அம்சம், அம்சம்" என்று பஞ்சநதம் கத்தினான்.

விரட்ட விரட்ட மாடுகள் திரும்பி வந்தன. கடைசியில் குண்டானை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். அது மாட்டுக்கு எந்த மூலை என்று அவளுக்கே தெரியும். முன்னால் வந்த பசுவின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு பவுண்டுக்கு ஓடினாள். ஒன்றை அடைத்து ரசீது வாங்கினால் பண்ணை ஆட்கள் பயந்து மற்றதையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பினாள். பாய் இந்தத் தடவை எந்தக் கட்டம் என்று யோசிக்கவே வேண்டாம்.

பவுண்டு பூட்டியிருந்தது. கதவில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தது. படிக்கத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாய், பாய்" என்று கூப்பிட்டாள். கம்பி இடுக்கு வழியாகக் கல்தொட்டி தெரிந்தது, அதில் அவள் கொண்டுவந்து போட்ட பந்துகள் அப்படியே கிடந்தன.

"ஜெக்கரியாவ அதிராம்பட்டினத்துக்கு மாத்தியாச்சு. பவுண்டையும் எடுத்தாச்சு." பின்னால் ஏஜெண்டு நடராசன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏட்டும் கூட இருந்தார். "பண்ணை மாட்ட ஓட்டிக்கிட்டு வந்திருக்கியே. ரசீது வச்சிருக்கியா?"

அவள் கையில் கயிறு இருந்தது. அங்கே வீட்டு வாசலில், நகர முடியாத மனுஷனைச் சுற்றி இன்னும் இருபத்தொன்பது மாடுகள். கயிற்றை விட்டுவிட்டு ஓடலாமென்றால் ஏட்டு வழியில் நின்றார்.

"சுடுகாட்டு மனை இன்னமும் இருக்கு," என்றார் நடராசன். "இப்பச் சரின்னு சொல்லு, ஏட்டையாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்சம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"மொதல்ல நாலு ஆள அனுப்பி அவரக் கட்டிலோட தூக்கச் சொல்லுங்கையா," என்றாள். "எங்க வேணாலும் கைநாட்டு வைக்கிறேன்."

நடராசன் சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். கிளம்பும்போதே எடுத்து வைத்திருந்தார்.