கடைசிப் பந்தித் தொக்கு

1. மூடி

அடையாறில் ஒரு மண்டபத்தில் பால்புதுமையினர் உணவு விழா; திருநங்கைகள், தன்பால் விரும்பிகள் எல்லாரும் சேர்ந்து நடத்துவது. திருநங்கைகள் நடத்தும் எங்கள் ராயப்பேட்டை கேட்டரிங் யூனிட்டுக்கும் ஒரு ஸ்டால் கொடுத்திருந்தார்கள். அப்போது மேற்பார்வை என்னுடையது, அடுப்பு மல்லிகாவுடையது. காலையில் மேஜைத் துணியை விரித்துவிட்டு முதல் பெட்டியைப் பிரித்தோம். மல்லிகா ஒரு தொக்குப் பாட்டிலின் மூடியைத் திருகினாள். டொப் என்று சத்தம். எண்ணெய் பொங்கி அவள் மணிக்கட்டுவரை வழிந்தது.

"இன்னாக்கா இது, சோடா மாரி கீது?"

இன்னொன்றைத் திறந்தோம். அதுவும் அப்படியே. முகர்ந்து பார்த்தேன். பெருங்காய வாசனைக்கு அடியில் புளித்த மாவு வாடை. எல்லாப் பாட்டிலும் ஒரே பேட்ச். எல்லா லேபிளிலும் எங்கள் முகம்.

மற்றவர்கள் போடும் ஊறுகாய் கெட்டால் ஊறுகாய் கெட்டுப்போச்சு என்பார்கள். எங்களுடையது கெட்டால், "அதுங்க கையால வாங்கித் தின்னா வேற இன்னா ஆவும்" என்பார்கள். அந்தப் பேச்சு வந்தால் எங்கள் யூனிட்டோடு நிற்காது. ஏதோ ஒரு மெஸ்ஸில் பாத்திரம் துலக்கும் இன்னொரு திருநங்கைக்கும் வேலை போகும்.

2. பெயர் வந்த கதை

நான் தொழிலுக்கு வந்தது தி. நகர் கல்யாண மண்டபங்களில் காய் வெட்ட. எங்களுக்குப் பின்கேட்தான். "டைனிங் ஹால் பக்கம் தல காட்டாதீங்க, மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா என் ஆர்டர் பூடும்" என்பார் காண்ட்ராக்டர். வெட்டியது நாங்கள், தேங்காய் திருகியது நாங்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு எங்களுக்கு மிஞ்சுவது சோறும் அடிச்சாம்பாரும்.

அப்போது வெட்டி மிஞ்சிய காயை அள்ளுவோம். சௌசௌ, பூசணி, கோஸ், கேரட், எது இருக்கிறதோ அது. நல்லெண்ணெயில் கடுகு பொரியவிட்டு, மிளகாய்த்தூளும் புளியும் போட்டு ஒரு கிளறு. ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து, சிரிப்பும் கேலியுமாகத் தின்போம். அந்த ஒரு பண்டம் எங்களுக்காக நாங்களே செய்தது.

விழா நடத்துகிறவர்கள் இதைக் கேட்டதும், "அக்கா, இதுதான் நம்ம சரித்திரம். இதையே பாட்டில்ல போடுங்க" என்றார்கள். கடைசிப் பந்தித் தொக்கு என்று நாங்கள் பெயர் வைத்தோம். யார், எங்கே உட்கார்ந்து தின்றது என்பதையும் லேபிளில் அச்சடித்தோம். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தொக்கை நாங்கள் ஒருநாளும் மிச்சம் வைத்ததில்லை. எங்கே வைப்பது? வீட்டுக்காரன் எப்போது வெளியே போ என்பான் என்று தெரியாதவர்களுக்கு ஊறுகாய் ஜாடி எதற்கு? அதனால் சௌசௌ, பூசணி மாதிரி தண்ணீர்க்காயைக் காயவைக்க வேண்டும் என்பதே எங்கள் கைப்பழக்கத்தில் இல்லை. அன்றைக்கே தின்கிற பக்குவத்தில் கிளறி, மாதக்கணக்கில் இருக்கும் என்று நம்பி மூடியிருக்கிறோம். இது எனக்கு உறைத்தபோது கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

3. வெளியே போன பாட்டில்

ஒரே ஒரு பாட்டில் முன்னாடியே வெளியே போயிருந்தது. விழா அறிவிப்பைப் பார்த்துவிட்டு மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி கேட்டிருந்தார். மல்லிகாவே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

மல்லிகாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஆஸ்பத்திரில கீதோ இன்னாவோ. அக்கா, லேபிள பிச்சிரலாம்க்கா. மூஞ்சி இல்லன்னா யார்துன்னு எவனுக்குத் தெரியும்?"

பொய் சொல்வானேன், என் நகம் லேபிளின் ஓரத்துக்குப் போய்விட்டது. கிழித்தால் மறுபடியும் பின்கேட்தான் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டேன். பெட்டிகளை மேஜைக்கு அடியில் தள்ளினோம். பாட்டில் விற்பனை இல்லை, தொக்கு கெட்டுவிட்டது என்று அட்டையில் எழுதி வைத்தேன். மல்லிகா ஓடிப்போய்ப் புதுக் காய் வாங்கி வந்தாள். அங்கேயே அடுப்பு மூட்டிக் கிளறி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இலையில் சூடாகப் பரிமாறினோம். ஆனாலும் போனிலிருந்து என் கண் நகரவில்லை.

மத்தியானம் மாமியே வந்து நின்றார். கையில் எண்ணெய் படிந்த துணிப்பை. பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து, லேபிளில் இருந்த என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீங்க பண்ணினதுதானே?"

"ஆமாம்மா. சாப்ட்டீங்களா? உடம்புக்கு ஏதாவது..."

"வாயில வெச்சாத்தானே உடம்புக்கு? தொறந்தா பொங்கறது. ஆத்துல சமையல் மேடையெல்லாம் எண்ணெய். சௌசௌவைக் காயவெக்காம அப்படியே போட்டேளா?"

"ஆமாம்மா. தப்புதான்."

"இத்தனை வருஷமா சமையல்ல இருக்கேன்னு இதுல போட்டிருக்கு. உப்புப் பிசறி, பிழிஞ்சு, வெயில்ல காயவெச்சுன்னா போடணும்? என்ன சமையல்காரா நீங்க."

பத்துப் பேர் பார்க்க நின்றேன். அடுத்து அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் வந்த, நாங்கள் திருநங்கைகள் என்பதையே வசவாக்கும் வார்த்தை. உப்பு கூடினாலும் அதுதான், தட்டு உடைந்தாலும் அதுதான்.

வரவில்லை. மாமி அட்டையைப் படித்தார். "இப்போ பண்ணினது இருக்கோ?" என்று கேட்டார்.

மல்லிகா அந்த வரிசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் மாமி உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தலை" என்றார். உண்மைதான், பதற்றத்தில் குறைத்துப் போட்டிருந்தோம். உப்பு எடுக்கிற சாக்கில் ஸ்டாலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

4. யூனிட்டுக்கு வருகிற பெண்களுக்கு

இப்போது முட்டிவலி என்று நான் வீட்டில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தண்ணீர்க்காயைப் பிழிந்து காயவையுங்கள். புது பேட்ச் எதையும் கொஞ்ச நாள் வைத்துத் திறந்து பார்க்காமல் அனுப்பாதீர்கள். அப்படியும் ஒருநாள் தப்பு வரும். வந்தால், செய்த தொக்குக்கு வாங்க வேண்டிய திட்டை நின்று வாங்கிக்கொள்ளுங்கள். லேபிளில் இருக்கிற முகத்தை மட்டும் கிழிக்காதீர்கள். திட்டுகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்தே திட்டட்டும்.