சென்யோரா மிராண்டா இன்னும் வரவில்லை

லிஸ்பனில் போனில் என் பெயரைச் சொன்னால் யாரும் "என்ன பேரு? திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்பதில்லை. இது எனக்கு இன்னும் பழகவில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போனாலே, "மிராண்டாவா? கூல்டிரிங்க்ஸ் பேரு மாதிரில்லா இருக்கு" என்று சிரிப்பார்கள். எங்கள் கடற்கரையிலோ தெருவுக்குப் பத்து மிராண்டா. எந்தக் காலத்திலோ போர்த்துகீசுக்காரர்கள் ஞானஸ்நானத்தோடு கொடுத்துவிட்டுப் போன பெயர். அவர்கள் ஊருக்கே வந்து "மரிய மிராண்டா பேசுகிறேன்" என்றால், எதிர்ப்பக்கம் "சென்யோரா, சென்யோரா" என்று, நம்ம ஊர் "அம்மா" மாதிரி, குரல் தேனாக ஒழுகுகிறது. நேரில் போய் நின்றால்தான் சிக்கல்.

வாடகை வீடு தேடித்தான் அந்தத் தேனையும் குடித்தேன், பிறகு வந்த கசப்பையும் குடித்தேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. என் பெயரில் வாடகை ஒப்பந்தம் இருந்தால்தான் கணவரையும் மகள் அனிட்டாவையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ரெண்டு வருஷமாக அவள் வளர்ந்ததையெல்லாம் போன் திரையில்தான் பார்த்தேன். நாலு வீட்டுக்காரர்கள் போனில் "வாங்க வாங்க" என்றார்கள். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் "வீடு போய்விட்டதே" என்றார்கள். போனில் பேசி ஒரு மணி நேரத்துக்குள் எப்படிப் போகும்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஐந்தாவது வீட்டுக்கு வேலையிலிருந்து நேராகப் போனேன். இல்லத்து நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு வயசான பெண், ஏப்ரனும் தேய்ந்த செருப்புமாகப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"இவ்வளவு லேட்டா வந்தா எப்படி? கீழேயிருந்து ஆரம்பி."

"நான் சென்யோராவைப் பாக்கணும். போய்க் கூப்பிடு" என்றேன்.

"சென்யோரா மிராண்டா இன்னும் வரலை. நீ உன் வேலையப் பாரு."

"நான்தான் மிராண்டா."

தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "போனில் பேசினது போர்த்துகீசுப் பெண்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன்கிட்ட எனக்கென்ன பேச்சு? வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடு, நான் அவங்ககிட்ட பேசிக்கிடுதேன்."

"நான்தான் வீட்டுக்காரி" என்றாள் அவள்.

ஆளைப் பார்த்துத் தீர்ப்பிடாதே என்று ஆண்டவர் சொன்னதை அவள் முகத்துக்கு நேரே வீச நான் வாயைத் திறந்திருந்தேன். ஊரில் எட்டு வருஷம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான், சரளமாக வரும்.

அதற்குப் பதிலாக நினைவுக்கு வந்தது எங்கள் கோயில் அசனம். திருநாள் முடிந்ததும் முதலாளி, கூலி என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. வித்தியாசம் பார்க்கக் கூடாது என்பதற்காகவே ஏற்பட்ட சாப்பாடு அது. பந்தலில் ஆட்களை உட்கார வைக்கிற பொறுப்பு ஒரு வருஷம் எனக்கு. வேம்பார் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் வந்தார். உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. கைலியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு இலை காலியாகத்தான் இருந்தது. "அண்ணாச்சி, அடுத்த பந்தியில உக்காருங்க" என்றேன். "சரிம்மா" என்று ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் வந்தவரை அந்த இலையில் உட்கார வைத்தேன். அடுத்த பந்திக்குத் தேடினேன், ஆளைக் காணவில்லை.

அந்த அண்ணாச்சி பெரிய ஆள் என்று பிறகு தெரியவந்ததாகக் கதை சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. பசியோடு வந்தவர், பசியோடு போனார். அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை. பந்தியை ஒழுங்குபடுத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கம் அன்று வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, லிஸ்பனில் ஒரு படிக்கட்டில், ஈரத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது வந்தது.

"அம்மா, உங்களை நான் வேலைக்காரின்னு நினைச்சிட்டேன்" என்றேன்.

"எதை வைத்து?"

"ஏப்ரனை வச்சு."

"நான் உன் கோட்டை வைத்து" என்றாள். துடைக்க வரவேண்டிய பெண் அன்று வரவில்லையாம். அவள் சிரிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நான் போவதாக இல்லை. துடைப்பத்தை எடுத்து அந்த மாடியில் மிச்சமிருந்த நாலு படியைத் துடைத்தேன். வயசானவள் உட்கார்ந்திருக்கும்போது சும்மா நிற்க எனக்குத் தெரியாது. அவள் மனசைக் குளிர்விக்க அல்ல.

"கறி மசாலா வாசம் சுவரில் ஏறுமாமே?" என்றாள்.

"ஏறும். மீன் வாசம் அதைவிட ஏறும்."

"மீன் பரவாயில்லை" என்று எழுந்து கதவைத் திறந்தாள்.

சமையலறை ஜன்னல் சின்னது, குழாய் ஒழுகியது. ஆனாலும் அதுதான் வேண்டும் என்றேன். மறுநாள் ஒப்பந்தத்தில் என் பெயரை என்னிடம் கேட்காமலே பிழையில்லாமல் எழுதினாள். பேனாவை மூடாமல், "எங்கள் ஆட்கள் இந்தப் பேரைத் தருவதற்கு முன்னால் உங்கள் குடும்பத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். அங்கேயே ஊருக்குப் போன் போட்டு அப்பாவைக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்குளா தெரியும்?" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். கீழே வாசலில் மூன்றாம் மாடி பெல்லுக்குப் பக்கத்தில் அவளே பெயர்ச் சீட்டை ஒட்டினாள். படம் எடுத்து அனிட்டாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எம்மா, இந்தப் பேரைப் பாத்து பெல் அடிக்கவங்க நம்மளத் தேடியா வருவாங்க?"

"இல்லட்டி, வேற யாரையோ தேடித்தான் வருவாங்க" என்றேன். "கதவைத் திறக்கது நாமளா இருப்போம்."