கறுத்துப் போன சியாமீஸ்

சின்னமனூர்க் கடைவீதிக்குப் பின்தெருவில் கிருபாவதி வீடு எது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். பூனைக்காரம்மா வீடு என்றால் உடனே கை நீட்டுவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள்.

குமுளியை விட்டுப் போன ஒரு குடும்பம் அவளிடம் கொடுத்துவிட்டுச் சென்ற ஜோடிதான் தொடக்கம். இரண்டும் சியாமீஸ். முன்பு சயாம் என்றழைத்த தாய்லாந்துதான் அந்த இனத்துக்குப் பூர்வீகம். நீலக் கண், வெண்ணெய் நிற உடம்பு. முகம், காது, கால், வால் மட்டும் கறுப்பு. பெர்சியன் பூனையைப் போல மெத்தையில் கிடக்காது. ஆள் பின்னாலேயே அலையும், ஓயாமல் கத்திப் பேசும்.

"நீ வாயத் தொறக்காததுக்கெல்லாம் சேத்து இதுக பேசுதுகடி" என்பார் அவள் கணவர் ஞானசிகாமணி.

அவள் விற்கும் குட்டிகளுக்கு விளம்பரம் கிடையாது. வாங்கியவர் சொல்லித்தான் அடுத்தவர் வருவார். அதனால், மேகமலை எஸ்டேட் சூப்பர்வைசர் தவசி கூடையோடு வந்து சத்தம் போட்டபோது அவரை அவசரமாக உள்ளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, சாதிப்பூனைன்னு தெருப்பூனைக் கலப்பத் தள்ளிவிட்டீகளே!"

கூடைக்குள் முதுகு வரை கரிச்சட்டி நிறத்தில் ஒரு பூனை. அவள் கொடுத்த குட்டிதான்.

"எங்கன படுக்கும்?" என்று கேட்டாள்.

"மொதல்ல அடுப்படியில. கரி அப்பிருச்சுன்னு சீயக்கா போட்டுக் குளிப்பாட்டுனேன், போகல. பொறவு அடுப்புப் பக்கமே விடாம வராந்தாவுல போட்டேன். அங்கன போயி இன்னும் கறுத்துருச்சு."

அவளுடைய பூனைகளும் மார்கழியில் கொஞ்சம் கறுத்துச் சித்திரையில் வெளுப்பதை அவள் வருசா வருசம் பார்த்திருக்கிறாள்.

"குளிருக்குக் கறுத்திருக்கும். இந்த எனம் அப்பிடி."

"அப்ப நான் மலைய விட்டு எறங்குனா வெளுத்துருவேனா?"

ஞானசிகாமணி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"வெயில் காலம் முடியிற வரைக்கும் இங்கன இருக்கட்டும். மாறலேன்னா நானே வச்சுக்கிறேன். அதுவரைக்கும் கலப்புன்னு யார்ட்டயும் சொல்லாதீக."

"மேல எல்லார்ட்டயும் சொல்லியாச்சே!"

அது உண்மைதான். குட்டி கேட்டிருந்த எஸ்டேட் வீடுகள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பின. கீழே சின்னமனூரிலும் பேச்சுப் பரவியது. கிருபாவதி தினமும் அந்தப் பூனையின் முதுகை விரலால் பிரித்துப் பார்த்தாள். பூனையோ ஜன்னலில் உட்கார்ந்து மலைப்பக்கம் பார்த்துக் கத்தியது. சாமான் வாங்க இறங்கும் தவசியின் குரல் கேட்டால் போதும், பாய்ந்து போய் அவர் தோளில் ஏறிக்கொள்ளும்.

வைகாசிக் கடைசியில் தவசி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதிதான வெளுத்திருக்கு."

"பாதி முடிதான உதிர்ந்திருக்கு."

அடியில் முளைத்த புது முடி வெண்ணெய் நிறத்தில் இருந்தது. தவசி பூனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"சரி, கூட்டிட்டுப் போறேன்."

"மேல போனா மறுபடி கறுக்கும்."

"கறுக்கட்டும். அடுப்படியிலயே படுத்துக்கிரட்டும்."

வண்டியைக் கிளப்பப் போனவரை அவள் வாசல் தாண்டி வந்து நிறுத்தினாள்.

"கலப்புன்னு சொன்னது?"

"வீடு வீடாப் போயி நானே மாத்திச் சொல்றேன்க்கா. நம்பாதவுகள இங்கன அனுப்புறேன்."

"அனுப்பாதீக" என்றாள் அவசரமாக. "வந்தா நான் பேசணும். நீங்களே நம்ப வச்சிருங்க."