சோதனைக்காரியின் கை

யோகா வகுப்பில் நான் யாரையும் கேட்காமல் தொடுவதில்லை. முதுகை நிமிர்த்திவிட வேண்டுமானாலும் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "தொடாம எப்படி டீச்சர் சொல்லிக் குடுப்பீங்க, தொடுங்க லா" என்பார்கள். இதை ஏதோ பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டு சிலர் என்னைப் புகழவும் செய்வார்கள். மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் கை முதலில் பழகிய தொழில் வேறு.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சோதனைக்காரியாக இருந்தேன்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் ஒரே கம்பிவேலிக்குள் அடக்கி, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்த காலம் அது. பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிற யாரும் ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு கருவாடோ கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் மட்டும்தான். சீனி போட்ட காப்பிகூட ஆகாது. ஆண்களைப் போலீஸ்காரர்கள் தடவிப் பார்த்தார்கள். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டுமே! தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, புல் வெட்டும் கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"உனக்குத்தான் வாயும் இருக்கு, கூச்சமும் இல்ல. நீயே செய்."

எனக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். வெயிலில் புல் வெட்டுவதைவிட இது மேல் என்று குதித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். அந்தப் புத்தியை இன்றைக்கும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

கேட்டுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைத் தட்டியால் ஒரு மறைப்பு. உள்ளே ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, மேசைக்கு அடியில் ஒரு காலி டிரம். விடிவதற்கு முன்பே பெண்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து இரண்டு கையையும் தூக்குவாள். தலைத்துணி, தோள், ரவிக்கை, விலா, இடுப்பு, கைலி முடிச்சு என்று மேலிருந்து கீழே என் கை இறங்கும். ஒன்றும் இல்லையென்றால் வெளியே நிற்கும் போலீஸ்காரருக்குக் கேட்கும்படி "சரி" என்பேன். ஏதாவது அகப்பட்டால் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு இந்த இரண்டு வார்த்தை போதும்.

ஒரு மாதத்தில் எனக்குத் தடவவே தேவையில்லாமல் போயிற்று. மூச்சைக் கவனித்தால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒளித்து வைத்திருக்கிறவள் என் கை அந்த இடத்துக்கு வரும்போது மூச்சை அடக்கிவிடுவாள். அடக்கிய இடத்தில் கையை விட்டால் அகப்படும். பெரும்பாலும் சின்னச் சமாச்சாரம்தான். பத்து மணிக்குப் பசிக்குமே என்று மடியில் முடிந்த அவல், ஒரு வெல்லக்கட்டி. எடுத்து டிரம்முக்குள் போட்டுவிட்டு, "ஏன்டி, உனக்கு வயிறா வண்ணான் சாலா?" என்று காதில் திட்டிவிட்டு, சத்தமாகச் "சரி" என்பேன். நான் நல்லவள் என்ற நினைப்பு எனக்கு.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அந்தத் தோட்டத்தில் என் புருஷனைத் தவிர எனக்கு உறவென்று ஒருவரும் இல்லை. எனக்கு முதல் பிள்ளை கலைந்தபோது மூன்று நாள் என் துணியைத் துவைத்துப் போட்டவர் அந்த அக்கா. புருஷனை இழந்தவர். ஒரே தம்பியை அவர்தான் வளர்த்தார். அந்தத் தம்பி ஒருநாள் காணாமல் போனான். சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போயிருக்கிறான் என்று அக்கா எல்லாரிடமும் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

பிறகு ஒருநாள் காலையில் அக்காவின் இடுப்பில் என் கை பட்டது. சதை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு. எலும்புக்கு மேல் ஒரு துணிப்பை. ஒரு பால் டின் அளவு அரிசி இருக்கும். தன் பங்கு அரிசியைத் தின்னாமல் சேர்த்து, வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது.

"தம்பி."

சிங்கப்பூர் எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் "சரி" என்றேன்.

ஒன்பது காலை அப்படிச் "சரி" சொன்னேன். அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிபட்டால் அக்காவோடு எனக்கும் சிறைதான்.

பத்தாம் நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். கூடவே வேறு தோட்டத்துச் சோதனைக்காரி ஒருத்தி. நான் பார்த்து அனுப்புகிறவர்களை அவள் மறுபடியும் பார்ப்பாள் என்று கிராணி வந்து என் காதில் சொன்னார். வரிசையில் அக்கா நான்காவது ஆள்.

அக்கா உள்ளே வந்தார், கையைத் தூக்கினார். பை இருந்தது. அதை அவிழ்த்து டிரம்மில் போட்டிருக்கலாம். டிரம் என் காலடியில்தான் கிடந்தது. விளக்கை ஊதி அணைத்திருக்கலாம். மயக்கம் வந்ததுபோல விழுந்திருக்கலாம். இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஆயிரம் வழி வருகிறது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. என் வாய் தன்னால் திறந்து "இருக்கு" என்று கத்தியது.

அக்காவைக் கேட்டுக்கு வெளியே உட்கார வைத்து விசாரித்தார்கள். எத்தனை நாளாகக் கொண்டுபோகிறாய் என்று கிராணியை விட்டுக் கேட்கச் சொன்னார் அதிகாரி. ஒன்பது நாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அதே லோரியில் ஏறியிருப்பேன்.

"இன்னிக்குத்தான் மொத நாளு" என்றார் அக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் ஆகவில்லை, பசி தாங்காமல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் காட்டு ஓரத்துக்கு வந்த தம்பியைச் சுட்டுவிட்டார்கள். நாங்கள் பார்த்துப் பயப்பட வேண்டுமென்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு பலகை மேல் கிடத்தி வைத்தார்கள். நான் நின்ற தட்டியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் அகன்று, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அன்றைக்கும் பெண்கள் வரிசையில் வந்தார்கள். நான் தடவித் தடவிச் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே வேலையை விட்டேன். என் புருஷனுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்துக் கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு வந்தோம். அங்கேதான் எனக்கு மூச்சு நிற்க ஆரம்பித்தது. மீன் வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பாசிர் பெனம்பாங்கிலிருந்து படகில் வருவேன். சும்மா இருக்கும்போதே மூச்சு நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். யாரோ இடுப்பில் கை வைத்திருப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் படகுக்காரரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று முறை பார்த்தார்கள். ஒரு நோயும் இல்லை என்றார்கள்.

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு யோகாசனம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாரம் ஒருமுறை என் புருஷன் லோரியிலேயே கொண்டுபோய் விட்டார். "சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று வழியெல்லாம் கேலி வேறு. சொல்லித் தந்தவர் என்னைவிட நான்கு வயது இளையவர், பள்ளிக்கூட ஆசிரியை. முதல் நாளே "மூச்சை உள்ளே நிறுத்துங்கள்" என்றார். எழுந்து ஓடிவந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். நிறுத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், விடுவதை மட்டும் பழகுங்கள் என்றார் அந்தப் புண்ணியவதி. நான்கு வருஷம் போனேன். மூச்சு மெதுவாகத் திரும்பி வந்தது.

வந்ததும் எனக்கு ஒரு வெறி பிடித்தது. நான் தடவிய அத்தனை பெண்களுக்கும் இதைக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அடக்கிய மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவள் நான்தானே. திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நான்தான்.

அப்போது எங்கள் பழைய தோட்டத்தில் கேட்டுச் சோதனை நின்றிருந்தது. வேலியை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை காலியாகக் கிடக்கும். அங்கே போய்ப் பாய் விரித்தேன். ஆசனப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். ஏழு பேர் வந்தார்கள். பால் வாளி தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்தவர்கள். குனிந்தால் சிரிப்பு, காலை நீட்டினால் சிரிப்பு. "இந்த வயசுல எங்களத் தவள மாதிரி குந்த வச்சிட்டியே!" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகையே அதிர்ந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒருத்தியின் முதுகு கூனியிருந்தது. நிமிர்த்தலாம் என்று பின்னால் போய்த் தோளில் கை வைத்தேன். அவள் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

அவளுக்கே தெரியாமல் தூக்கியது அது. மற்றவர்கள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பதறிப்போய் நான் "சரி" என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் எழுந்து வாசலைப் பார்த்து நான்கு எட்டு நடந்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் "தொடலாமா?" என்று கேட்கத் தொடங்கினேன். வகுப்பில் "சரி" என்று சொல்வதையும் விட்டேன்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. படத்தாளின் கடைசி மூலையில் சவாசனம் இருந்தது. மல்லாந்து, கால் அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்கப் படுப்பது. எல்லா வகுப்பும் அதில்தான் முடிய வேண்டும். நான் ஒருநாளும் அதைச் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண்களைப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் அப்படி வரிசையாகப் படுக்க வைக்க என்னால் முடியாது.

ஒரு ஞாயிறு அக்கா வந்தார்.

முகாமிலிருந்து விட்ட பிறகு சுங்கை பெசாரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொண்டு நெல் வயலில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறி அவரே வந்துவிட்டார். முடி பாதி நரைத்திருந்தது. யாரோடும் பேசாமல் வாசலோரம் பாயில் உட்கார்ந்தார். சொன்னதையெல்லாம் செய்தார். அவர் பக்கத்தில் போகவே எனக்குக் கால் வரவில்லை. தொடலாமா என்று எந்த வாயால் கேட்பது?

மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தக் கடைசிப் படம் இருக்கே. அத ஏன் நீ சொல்லிக் குடுக்கல?"

"அக்கா, அன்னிக்கு நான்..." என்று இழுத்தேன்.

"தெரியும். நீ கத்துறதுக்கு முன்னாடியே தெரியும். ஒம்போது நாளா நான்தான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு உன் மூச்சு நின்னுச்சு. அப்பவே மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சிருச்சு."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுக்கு நான் வரல. தம்பியக் களத்துல போட்டிருந்தாங்களாம். நான் பாக்கல. கேட்டுல நின்னவ நீதான். எப்படிக் கெடந்தான்?"

சொல்ல முயன்றேன். அப்புறம் பாயில் படுத்தேன். மல்லாந்து, காலை அகட்டினேன். பாதத்தை வெளிப்பக்கம் சாயவிட்டேன். உள்ளங்கையை மேலே திருப்பினேன். தலை கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருந்தது, அதையும் திருப்பினேன். கண்ணை மூடினேன்.

பிறகு பாய் நெரியும் சத்தம். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கை என் தலைமேல் பட்டது. முடியைத் தடவியது. தோளுக்கு இறங்கியது. விலாவைத் தடவி, இடுப்புக்கு வந்து, அந்தப் பை இருந்த இடத்தில் நின்றது. தம்பியைத் தடவினாரா, என்னைச் சோதித்தாரா, எனக்குத் தெரியாது. நான் மூச்சை அடக்கியிருந்தேன்.

"மூச்ச விடு" என்றார்.

விட்டேன். அதோடு எனக்கு அழுகையும் வந்தது. அவர் அழவில்லை. கையை எடுக்கவும் இல்லை. வெளியே யாருடைய பிள்ளையோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அந்தக் கைக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவர் "சரி" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடலாம்.

அவர் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கடைசி ஆசனத்தை அன்றிலிருந்து எல்லாருக்கும் சொல்லித் தருகிறேன். வாசலோரத்தில் படுத்து, அவரும் மூச்சை விடுவார். உடம்பு முடியாமல் போகும்வரை, பதினொரு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். அந்த வார்த்தையை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.