பன்னிரண்டு ஸ்லைடு

குன்னூரில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் ஷண்முகப்ரியா ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அங்கே நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். வீடு அருவங்காட்டில். கணவன் லோகு அங்குள்ள தொழிற்சாலையில் ஃபிட்டர். காலை ஆறு நாற்பது பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதால், தலைக்குக் குளித்த நாளில் முடி காய நேரமிருக்காது. மழைக்காலத்திலோ நேரமிருந்தாலும் காயாது. ஈரத் தலையையே இழுத்து வாரி, முறுக்கிக் கொண்டை போட்டு, வலை மாட்டி, பன்னிரண்டு ஸ்லைடுகளைக் குத்திக்கொண்டு ஓடுவாள். ஒரு முடி பிரிந்து நின்றாலும் மேலாளர் வசந்தகுமார் தன் நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டுவார். அவள் பின்னறைக்குப் போய் இன்னொரு ஸ்லைடு குத்திக்கொண்டு வருவாள்.

ஏழாவது வருடம், உறவுக்காரர் கல்யாண போட்டோவில்தான் பார்த்தாள். இரண்டு பக்கமும் காதுக்கு மேலே தோல் பளபளவென்று தெரிந்தது. இடது பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெறுமை. அன்றிலிருந்து புருவ பென்சிலால் அங்கே கறுப்புத் தீட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. மேசைக்கு வந்து நின்றவளிடம் ஒரு விருந்தாளி டிஷ்யூவை நீட்டி, "கன்னத்துல மை வழியுதுங்க" என்றார். வசந்தகுமார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் கடைத்தெருவில் சுரையாவின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனாள். சுரையா அவளைவிட நாலைந்து வயது சின்னவள். அழியாத பென்சில் இருக்கிறதா என்று கேட்டபோது சுரையா அவள் தலையையே பார்த்தாள்.

"அக்கா, அந்த ஸ்லைடு ஒண்ணைக் கழட்டித் தாங்க."

கழற்றியபோது இரண்டு முடியும் கூடவே வந்தன. சுரையா ஸ்லைடின் நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். "நுனியில இருந்த உருண்டை எப்பவோ போயிருச்சுக்கா. வெறும் கம்பி. இது முடியை அறுத்துட்டு இருக்கு. கழட்டறப்ப வலிக்குமா?"

"வலிக்காம எப்படி?"

"வலிக்கக் கூடாதுக்கா."

ஷண்முகப்ரியா ஸ்லைடைத் திருப்பி வாங்கித் தானும் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பது வருடமாக வலிப்பதுதான் சரி என்று நினைத்திருந்தாள். சுரையா பென்சிலை விற்கவில்லை. பல் அகலமான, ஓரம் வழவழப்பான ஒரு பெரிய கிளட்ச் கிளிப்பை எடுத்துத் தந்தாள். முடி நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும், தினமும் ஒரே இடத்தில் மாட்டக் கூடாது, எடுக்கும்போது முழுதாகத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றாள். மறுவாரம் பார்த்த தோல் டாக்டரும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார். வலது பக்கம் முளைக்கலாம், இடது பக்கம் சொல்ல முடியாது, இழுத்துக் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள் என்றார்.

அவள் அன்றே நிறுத்தினாள். தலைக்குக் குளிப்பதை வேலை முடிந்து வந்த பிறகு என்று மாற்றிக்கொண்டாள். காலையில் தளர்வாக வாரி, பிடரியில் கிளட்ச் மாட்டி, பென்சில் தீட்டாமல் மேசைக்கு வந்து நின்றாள்.

வசந்தகுமார் நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் நகரவில்லை.

"என்னங்க, புரியலையா?"

"புரியுதுங்க சார். ரூல்ஸ்ல என்ன போட்டிருக்குன்னு காட்டுங்க."

அவர் தாளை எடுத்து வந்தார். முடி முகத்தில் விழாமல் நேர்த்தியாகக் கட்டியிருக்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

"முகத்துல விழலைங்களே" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நெற்றியோரம் கிளிப் போட்டு மாட்டுகிற சவுரி. "நல்லதுக்குத்தான் சொல்றேன். வர்றவங்க முதல்ல உங்க முகத்தைத்தான் பாக்கறாங்க."

அவள் பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளினாள். "கிளிப் குத்தித்தான் சார் இப்படி ஆச்சு. அதை மறைக்க இன்னும் ரெண்டு கிளிப்பா? மாட்ட மாட்டேனுங்க."

மறுநாள் அவளைத் துணி அறைக்கு மாற்றினார்கள். விரிப்புகளையும் துண்டுகளையும் எண்ணி அடுக்குகிற வேலை. லோகுவுக்குக் கோபம் வந்தது. "எழுதிக் குடுத்துட்டு வந்துரு, வேற எடம் பாத்துக்கலாம்" என்றான்.

"நான் எதுக்குப் போகணும்? தப்பு பண்ணுனவ மாதிரி."

ஜனவரியில் போனவள் மார்ச் முடிந்தும் அங்கேயே இருந்தாள். அழுத நாட்களும் உண்டு, ஆனால் கிளிப்பை மாற்றவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள், வரவேற்பில் அவள் இடத்துக்கு வந்த ஜெயஸ்ரீ துணி அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தலையில் கொண்டை இல்லை, தளர்ந்த பின்னல்.

"எனக்கும் கொட்ட ஆரம்பிச்சிருச்சுங்கக்கா. முடியாதுன்னு சொல்லிட்டேன். இங்க அனுப்பிட்டாங்க."

இருவரும் சேர்ந்து துண்டு மடித்தார்கள். மே மாதம் சீசன் வந்தது. மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஊட்டியில் அறை கிடைக்காமல் குன்னூருக்கு இறங்கியது. புதிதாக எடுத்த பெண் நான்காம் நாளே நின்றுவிட்டாள். வசந்தகுமார் தானே மேசையில் நின்று சாவி கொடுத்தார். வாசல்வரை பெட்டிகளோடு ஆட்கள், குழந்தைகளின் அழுகை. பகல் பதினொரு மணிக்கு அவர் துணி அறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் முன்னாடி வாங்க."

ஜெயஸ்ரீ எழுந்துவிட்டாள். ஷண்முகப்ரியா கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்தாள். "இப்படியே வரலாங்களா?"

"வாங்கன்னுதான சொல்றேன்."

"எழுதிக் குடுங்க சார். கொண்டை கட்டாயமில்லைன்னு. சீசன் முடிஞ்சு மறுபடி அனுப்புவீங்க."

அவர் திரும்பி முன்கூடத்தைப் பார்த்தார். முன்கூடத்திலிருந்து யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சலவைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வலது பக்கம் பூனைமுடிபோல் முளைத்து இப்போது கறுத்துவிட்டது. இடது பக்கம் முளைக்கவில்லை, இனி முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அதன்மேல் எதையும் பூசுவதில்லை. போன மாதம் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி, சாவியை வாங்கும்போது அந்த இடத்தைப் பார்த்து, "என்னாச்சுங்க, அடி பட்டுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இங்க ஒன்பது வருசம் கொண்டை போட்டு நின்னேன்" என்றாள் ஷண்முகப்ரியா, வசந்தகுமாருக்குக் கேட்கும்படி.