ஒத்த ஷூ அண்ணா

எது கண்ணில் பட்டாலும் தம்பி சத்தமாகப் படிப்பான். சோப்புத்தூள் பெட்டி, பேருந்து நிறுத்தத்துப் பலகை, சபை மன்றத்தின் சுவரில் ஒட்டிய தாள், எதையும் விடமாட்டான். முதலில் இந்த ஊர் மொழியில் எழுத்துக்கூட்டுவான். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத் தமிழில் சொல்வான். "இது தரைக்கு. பாத்திரத்துல ஊத்தக் கூடாது. கண்ணுல பட்டா ஒடனே கழுவணும். சரியா படிச்சேனாக்கா?" என்பான். "சரிதான் தம்பி" என்பேன். அவன் வந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அவன் சத்தமாகப் படிக்கிறான் என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பதினொரு வருடமாக இங்கே தரை துடைக்கிறேன், இந்த ஊர் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

எங்கள் சபையின் வாலிபப் பிள்ளைகள் நடுவே ஒரு வருடம் ஊழியம் செய்யக் கடல் தாண்டி வந்தவன் அவன். வயது இருபத்துமூன்று. சம்பளம் கிடையாது. மன்றத்துக்கு மேலே கட்டிலும் மேசையும் போட்ட ஒரு சின்ன அறை, மூன்று வேளை சாப்பாடு, பேருந்துக்கு மாதச் சீட்டு, அவ்வளவுதான். முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்றான். நான் திரும்பியே பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து "அக்கா".

ஆள் ஒல்லி. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு, உறைக்குள் போட்ட தலையணை மாதிரி வருவான். பாடத் தெரியாது. ஆனால் பாடுவான். "அண்ணா, நீங்க கிட்டாருக்குப் பக்கத்துல நிக்காதீங்க, அதுக்கும் சுருதி எறங்கிடும்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். மேசைப்பந்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் தோற்றுவிட்டு, "இந்த மட்டைல ஓட்டை இருக்கு" என்பான். வேண்டுமென்று தோற்கிறான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தனியாகச் சுவரில் பந்தடித்துப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நிஜமாகவே ஆட வராது, பாவம்.

மன்றத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தான். பெயர் எழுதாமல் யாரும் எந்தக் கேள்வியும் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் பிள்ளைகளுக்குக் காப்பி கொடுக்க நானும் வருவேன்; அப்போது அவர்களை வட்டமாக உட்கார வைத்து அந்தச் சீட்டுகளைப் பிரிப்பான். 'ஜெபம் பண்ணியும் எங்க அப்பாவுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை' என்று ஒருமுறை ஒரு சீட்டு. "தெரியல. பாத்துச் சொல்றேன்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் வந்து, "நாலு பேர்கிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியல. ஆனா நாலு பேரும் உங்கப்பாவுக்காக ஜெபிக்கிறதா சொல்லிட்டாங்க" என்றான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் வந்தபோது ஆறு பிள்ளைகள். ஆறாம் மாதம் நாற்காலி பற்றாமல் பாய் விரித்தோம்.

அவனுடைய அப்பாவுக்கு ஊரில் டயர் கடை. வாரம் ஒருமுறை போன் வரும். அவர் பேசுவது படிக்கட்டு வரைக்கும் கேட்கும். "ஒரு வருசத்த ஓசிக்குக் குடுத்திருக்கியேடா! வந்து கடையப் பாருடா!" தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா. சாப்டீங்களாப்பா?" என்பான். ஆயுசுக்கும் இந்தப் பிள்ளைகள் வேலையைத்தான் செய்யவேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கான பயிற்சிப் பள்ளியில் சேர, இந்த ஒரு வருடத்தை நல்லபடியாக முடித்தான் என்று எங்கள் சபை எழுதித் தரவேண்டும். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவனை எங்கேயும் சேர்க்கமாட்டார்கள்.

பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'ஒத்த ஷூ அண்ணா'. இடது காலில் ஷூ இல்லாமல் வெறும் காலுறையோடு அலைவான் என்று சொல்வார்கள். மறதிக்காரன், எங்கேயாவது கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பான் என்று நானும் சிரித்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை வட்டத்தைத் தவிர நான் காலையில் வருகிறவள், பிள்ளைகள் மாலையில் வருகிறவர்கள். ஷூ எங்கே கிடக்கும் என்பதை நான் கண்டதில்லை.

ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை, பல் பிடுங்கப் போனதால் காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். மன்றம் காலியாக இருந்தது. பக்கத்து அறையில் தம்பியின் குரல் கேட்டது. அந்த அறைக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் கனத்த கதவு. அதன் இடுக்கில் ஒரு இடது ஷூ சேறும் சகதியுமாகக் கிடந்தது. 'போட்டது போட்ட இடத்தில்' என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். சேற்றைத் துடைத்து, வாசலில் இருந்த ஷூ அலமாரியில் ஒழுங்காக வைத்துவிட்டு, பின்பக்கத்துக் கழிவறையைக் கழுவப் போனேன். ஷூவை எடுத்துத் திரும்பும்போதே முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்ட சத்தம் காதில் விழுந்திருந்தது. கதவென்றால் சாத்தத்தானே செய்யும்?

சனிக்கிழமை மாடி அறையைப் பெருக்கப் போனபோது கட்டில் மேல் பெட்டி திறந்திருந்தது. இரண்டு ஸ்வெட்டரும் மடித்து உள்ளே இருந்தன.

"என்ன தம்பி, ஊருக்கா? இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே."

"அனுப்பிடுவாங்க போலக்கா. கீழ கமிட்டி உக்காந்திருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். புதன்கிழமை அந்த அறையில் எங்கள் சபைக்கு வரும் தையற்காரம்மாவின் மகள் இருந்திருக்கிறாள். பதினாறு வயது. பரீட்சையில் கோட்டை விட்டதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அழுதிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துச் சபைச் செயலாளர் வந்து கதவைத் திறந்திருக்கிறார். ஊழியத்துக்கு வந்தவர் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது, இருந்தால் அடுத்த விமானத்திலேயே அனுப்பிவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். பிள்ளைகளைக் காக்கப் போட்டது. அதற்காகத்தான் அவன் எப்போதும் கதவு இடுக்கில் தன் ஷூவை வைப்பானாம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"தம்பி, அந்த ஷூவ நான்தான்..."

"தெரியும்கா. அந்த அலமாரில இவ்வளவு சுத்தமா ஒரு ஷூ இருந்ததே இல்ல."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?"

"நீங்க உங்க வேலையத்தான செஞ்சீங்க. சொன்னா உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிடும். கதவு சாத்தினத நானும் கவனிக்கல, அந்தப் பொண்ணு அப்படி அழுதுட்டு இருந்தா. அது என் தப்புதானே?"

கர்த்தரே, பலம் தாரும் என்று சொல்லிக்கொண்டு படி இறங்கினேன். கமிட்டி அறையில் இருந்த ஐந்து பேரும் படித்தவர்கள். பதினொரு வருடத்தில் காப்பி கொடுக்கத் தவிர நான் உள்ளே போனதில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போய் நின்று, "ஐயா, கதவ சாத்தினது நான்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

செயலாளர் நல்ல மனுஷன், ஆனால் கறாரானவர். "நீங்க சொல்றத நம்புறேம்மா. ஆனா அவருக்காக இரக்கப்பட்டுச் சொல்றீங்களோன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா?" என்றார்.

போதகர் தம்பியைக் கூப்பிட்டு, ஷூ இரண்டையும் எடுத்துவரச் சொன்னார். இடது ஷூவின் பக்கவாட்டுத் தோலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், விரல் பதியும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். வலது ஷூவில் அது இல்லை. எல்லோரும் பக்கத்து அறைக்குப் போனோம். போதகர் குனிந்து ஷூவை இடுக்கில் வைத்துக் கதவை விட்டார். கனத்த கதவு மெதுவாக வந்து அந்தப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து நின்றது. ஏழு மாதமும் ஒவ்வொரு மாலையும் அந்தக் கதவு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

"ஏம்ப்பா, ஒரு நாற்காலிய வைக்கக் கூடாதா?" என்றார் போதகர்.

"நாற்காலிய யாராவது உக்கார எடுத்துட்டுப் போயிடுறாங்கய்யா. ஷூவ யாரு எடுக்கப்போறான்னு நெனச்சேன்."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது செயலாளர்தான். சிரித்துக்கொண்டே அங்கிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, "மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்லம்மா. இவன அனுப்பிட்டு அந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படி முழிப்பேன்னு இருந்துச்சு" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையற்காரம்மாவும் மகளும் சொன்னதையும் முறைப்படி கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றியும் நாங்கள் எல்லோரும் மறுபடி பேசினோம். திங்கட்கிழமை செயலாளர் தம் கையாலேயே கதவை நிறுத்த ஒரு கொக்கி அடித்தார். என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அந்தச் சனிக்கிழமையே மன்றத்துத் தரையை இரண்டு முறை துடைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அந்தச் சட்டம் அச்சடித்த தாள் அந்த அறையின் உள்சுவரில்தான் ஒட்டியிருந்தது. ஏழு மாதத்தில் தம்பி எனக்குப் படித்துக் காட்டாத ஒரே தாள் அதுதான். கொக்கி அடித்த மறுநாள் காலை அதன் முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்துக்கூட்டிப் படித்தான். "சரியா படிச்சேனாக்கா?" என்று கேட்டான். "இத மொதல்லயே படிச்சிருக்கலாம் தம்பி" என்றேன்.

கொக்கி வந்த பிறகும் ஷூவை விடவில்லை. "கொக்கி மேல இன்னும் நம்பிக்க வரலக்கா" என்பான். மிச்ச ஐந்து மாதமும் காலுறை ஓட்டையோடுதான் கழிந்தது.

போன மாதம் அவன் வருடம் முடிந்தது. சபை எழுதித் தந்த கடிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டு, இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டான். டயர் கடை அப்பா போனில், "சரி, அந்தப் பயிற்சிய முடிச்சுத் தொல. லீவுக்காவது கடைக்கு வா" என்றாராம். அந்தக் குரலில் அது ஆசீர்வாதம்தான் என்று சொல்லிச் சிரித்தான். வாசலில் வேன் நின்றது. பிள்ளைகள் ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அவனுடைய பாட்டு இனி இல்லை என்று கிட்டார்க்காரப் பெண் கைதட்டிவிட்டு, அவளே முதலில் அழுதாள். நான் ஜெபித்து அவன் தலையில் கை வைத்தேன். ஏறி உட்கார்ந்தான். ஓட்டுநர் கதவை இழுத்துச் சாத்தப் போனபோது, தம்பி சட்டென்று இடது காலை வெளியே நீட்டிக் கதவை மறித்தான்.

"அக்கா, அடுத்த வாரம் என் எடத்துக்குப் புதுசா ஒரு தங்கச்சி வருது. அதோட ஷூ எங்க கெடந்தாலும் நீங்க தொடாதீங்க."